நைஸ் என்ற சொல்லும் என் வீட்டுக்காரரும்

5 ஜனவரி 2026, திங்கள்

ஆசிரியர் வெள்ளையன் கூப்பிட்டார். பத்திரிகையில் நான் எழுதும் 'வாரம் ஒரு சொல்' பகுதிக்கு அடுத்து 'நைஸ்' வேண்டுமாம். "பிள்ளைங்க கட்டுரையில எல்லாத்துக்கும் நைஸ்தான் போடுதுங்க. டீச்சர் நைஸ், சோறு நைஸ், கோயில் நைஸ். நல்லாத் திட்டி எழுதுங்கம்மா."

திட்டுவதற்கு என்னை விட்டால் சுங்கை பினாங்கில் ஆள் ஏது? இந்த ஃப்ளாட்டில் யார் வீட்டில் பால் பொங்கியது, யார் வீட்டில் பாத்திரம் பறந்தது, எல்லாம் எனக்கு முதலில் தெரியும். கீழ்வீட்டு ஹேமாவுக்கு இரண்டாவதாக.

என் வீட்டுக்காரர் இன்றும் தாமதம். பாலம் தாண்டி புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பள்ளிக்கூடம் முழுக்க ஏர்கோன் மாட்டுகிறாராம்.

7 ஜனவரி

அகராதியைத் திறந்தால் அதிர்ச்சி. நைஸ் லத்தீனிலிருந்து வந்ததாம். அங்கே அதற்கு 'ஒன்றும் அறியாதவர்' என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'முட்டாள்'. பிறகு 'நொட்டை சொல்பவர்', பிறகு 'நுணுக்கமான'. கடைசியில்தான் 'இனிய'. முட்டாளாகக் கிளம்பி மரியாதைக்காரனாக ஊர் வந்து சேர்ந்த சொல்! எங்கள் சொந்தத்திலேயே இப்படி இரண்டு பேர் உண்டு.

நாம் மட்டும் சும்மாவா? மாவை நைசாக அரைக்கிறோம். காரியம் ஆக வேண்டுமென்றால் நைஸ் பண்ணுகிறோம். மொய் வைக்காமல் நைசாக நழுவுகிறோம்.

10 ஜனவரி, சனி

ஜாஹிர் கடைக்கு நாசி கண்டார் சோறு வாங்கப் போனேன். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்தே பொட்டலம் கட்டுகிறவன் அவன். என் பொட்டலத்தில் இறால் குழம்பு ஒரு சொட்டு விழாது. விழுந்தால் உதடு வீங்கி நான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

இன்று கரண்டியோடு நின்று கேட்டான்: "அக்கா, இப்ப இறால் ஒத்துக்குதா? அண்ணே தினம் சாயங்காலம் ரெண்டு பொட்டலம் வாங்குறாரு. ஒண்ணுல இறால் கூடுதலா வைக்கச் சொல்றாரு. 'வீட்டுல அது இல்லாம சாப்பிட மாட்டாங்க'ன்னாரு. எனக்கு ஒரே சந்தோசம்லா!"

வீட்டுக்கு ஒரு பொட்டலமும் வந்ததில்லை.

"ஆமா தம்பி, இப்ப ஒத்துக்குது" என்றேன். என்ன வாய் இது? பொய்யைக் காப்பாற்ற இறால் பொட்டலம் ஒன்றும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

சாப்பாட்டு மேசையில் அதைப் பிரித்து வைத்தேன். இவர் வந்தார், பார்த்தார், கையிலிருந்த கார் சாவியை வைக்க இடம் தெரியாமல் நின்றார்.

"அவ பேரு சிவகாமி" என்றார்.

"ஏன் சொல்லல?"

"நீ ரொம்ப நைஸ், தனு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

11 ஜனவரி

சட்டைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான்தான் மடித்துக் கொடுத்தேன். ஏன் மடித்தேன்? யார் என்னை மடிக்கச் சொன்னது?

15 ஜனவரி

பொங்கல். ஹேமா சர்க்கரைப் பொங்கலோடு வந்து, "அண்ணே எங்கேக்கா?" என்றாள். "ஈப்போல வேலை, தைப்பூசத்துக்கு வந்துடுவாரு" என்றேன். ஊர்க்கதை அத்தனையையும் வாயிலே வைத்திருந்தவள், என் கதையை மட்டும் தொண்டையில் வைத்துக்கொண்டு பொங்கல் தின்றேன். இறங்கவில்லை.

20 ஜனவரி

கட்டுரை அனுப்பினேன். 'ஒன்றும் அறியாதவர்' என்ற பழைய பொருளுக்கு ஓர் உதாரணம்: 'ஊரில் எல்லார் புருஷன் கதையும் தெரிந்த ஒருத்தி.' வெள்ளையன் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கேருந்தும்மா பிடிக்கிறீங்க இதெல்லாம்!"

27 ஜனவரி

இவர் கூப்பிட்டார். "தைப்பூசத் தேர் அன்னிக்கு அங்கதான் இருப்பேன். பேசணும் தனு."

பேசணும் என்றால்? திரும்பி வருகிறேன் என்பதற்குத்தானே ஆண்கள் பேசணும் என்பார்கள்? இல்லையா? நீலச் சேலையை இஸ்திரி போட்டேன். வெட்கங்கெட்டவள்.

31 ஜனவரி, சனி

வெள்ளித் தேருக்கு வழக்கமாக நாங்கள் தேங்காய் உடைக்கும் இடத்திலேயே நின்றேன். எப்போதும் நான் சூடம் ஏற்றுவேன், இவர் உடைப்பார்.

தேர் போனது. பின்னால் வந்த கூட்டத்தில் இவர். பக்கத்தில் அவள். வேண்டுதல் போலிருக்கிறது, வெறுங்காலோடு நடந்து வந்தாள். அவளுடைய செருப்பு இவர் கையில். என் செருப்பை இந்த மனுஷன் காலால்கூடத் தள்ளி வைத்ததில்லை.

குறை தேடினேன். அதுதானே என் தொழில்! குள்ளம். நரைக்கு மை போடவில்லை. மூக்கு கொஞ்சம் அகலம். எனக்குச் சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். அதற்குள் அவள் காலில் சிரட்டைத் துண்டு குத்திவிட்டது. இவர் அத்தனை சனத்துக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் பாதத்தைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு, மெதுவாக, மெதுவாக அதை எடுத்தார். அவள் இவர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அய்யோ, இது முடிஞ்சு போச்சுடி.

இவர் என்னைப் பார்க்கும் முன் திரும்பிக்கொண்டேன். பேச என்ன இருக்கிறது? தேங்காய்களைப் பக்கத்தில் நின்ற சீனப் பெரியவரிடம் கொடுத்தேன். எனக்கும் சேர்த்து அவர் உடைத்தார்.

2 பிப்ரவரி, திங்கள்

லிஃப்டில் ஹேமாவோடு ஏறினேன். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.

"என்னக்கா, தேருக்குக்கூட அண்ணே வரலியா? அப்படி என்ன வேலைலா அது?"

"வேலை இல்ல ஹேமா. என்னை விட்டுட்டுப் போயிட்டாரு. புக்கிட் மெர்தாஜாம்ல வேற ஒருத்தங்களோட இருக்காரு. நல்லா வெச்சிருக்காரு அவங்கள. நான் பார்த்தேன்."

அந்த இருவரும் மேலே ஓடும் எண்களைப் பார்த்தார்கள். நாலாவது மாடியில் லிஃப்ட் நின்றது. ஹேமா வீடு அங்கேதான். கதவு திறந்தது, மூடியது. அவள் இறங்கவில்லை.