உங்கள் பக்கத்துக் கூரை

இன்று காலை, கார்க் கூரைக்குப் பூசும் அந்த மருந்து டின்னின் மூடியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் போன்ற அதே நெடி முற்றமெல்லாம் பரவியது. மாரி இறங்குமுன் ஆண்டுக்கு ஒருநாள் நம் வளவில் அடிக்கும் நெடி. நீங்கள் கண்மூடி எட்டு மாதமாகிறது. அது மூக்குக்கு எங்கே தெரிகிறது? "தேத்தண்ணி போடட்டா?" என்று கேட்க வாயெடுத்துவிட்டேன்.

நாளை காரை வாங்க வருகிறார்கள். வெளிநாட்டிலிருந்தே மகன் ஆள் பிடித்துவிட்டான். "ஓடாம நிண்டா கறள் பிடிக்கும் அம்மா, குடுத்திருங்க" என்கிறான். சரிதான். ஆனால் வீடு என் சீதனம். வளவும், வட்டையில் உள்ள வயலும் என் தாய் வழி வந்தவை. மாப்பிள்ளையாக இங்கே வந்த உங்களுக்கென்று இருந்தது துணிக்கூரை மடியும் இந்தப் பழைய கார் ஒன்றுதான். அதை அழுக்கோடு கொடுக்க மனம் வரவில்லை.

கூரையில் கை வைக்க நீங்கள் என்னை விட்டதில்லை. காரணம் நானேதான். கல்யாணமான புதிதில், வாவிக் காற்றில் அதில் பூஞ்சணம் பூத்ததைக் கண்டு, சலவைத் தூள் போட்டுத் தேய்தேயென்று தேய்த்துவிட்டேன். மெச்சுவீர்கள் என்று நினைத்தேன். துணி பளிச்சென்றுதான் இருந்தது, ஆனால் நீர் புகாமலிருக்கப் பூசிய மருந்தெல்லாம் கழன்றுவிட்டது. அடுத்த மழையில் சித்தாண்டிக் கோயிலுக்குப் போகும்போது என் கூறைச் சீலை தெப்பமாக நனைந்தது. நான் அழுதேன், நீங்கள் சிரித்தீர்கள்.

"பரவால்ல புள்ள. இனி உன்ட தலையில ஒரு சொட்டு விழாது."

முப்பது மாரி. ஒரு சொட்டும் விழவில்லை.

நனைந்தது நீங்கள். செங்கலடிச் சந்தைக்குத் தனியே போய் வந்தால் வலத்தோள் ஈரமாக இருக்கும். "கண்ணாடிய ஏத்த மறந்துத்தன்" என்பீர்கள். "சின்னப் புள்ளையா நீங்க? தடிமன் பிடிச்சா ஆர் பாக்கிற?" என்று ஏசுவேன். நான் கூட வரும் மழை நாட்களில் தோளில் துவாய் கிடக்கும். கேட்டால், புழுக்கம் என்பீர்கள். கடைசி மாரியிலும் ஏசினேன்.

நேற்று நீங்கள் செய்வதுபோலவே செய்தேன். மெல்லிய பிரஷால் தூசி தட்டி, குழந்தைச் சவர்க்காரம் கரைத்துத் தடவி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அலசினேன். பிறகு கதவைத் திறந்து பார்த்தேன். என் இருக்கை காய்ந்து கிடந்தது. உங்கள் இருக்கையில் தண்ணீர் தேங்கி நின்றது. உறையைக் கழற்றினால், அடியில், தண்ணீர் இறங்காமலிருக்க நான்காக மடித்து வைத்த ஓர் உரப்பை.

கொழும்பிலிருந்து வருகிற ஒரு டின் மருந்து முழுக் கூரைக்கும் காணாது. நீங்களோ எப்போதும் என் பக்கத்தில் தொடங்கி இரண்டு தரம் பூசுவீர்கள். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "அங்கதான் நிழல்" என்றீர்கள். நம்பினேனே, மடைச்சி. அந்த ஈர இருக்கையில் முகத்தை வைத்து அழுதேன். ஏசிய ஏச்செல்லாம் என்னிடமே திரும்பி வந்தது.

இன்று, கூரை நன்றாகக் காய்ந்தபின், உங்கள் பக்கத்தில் தொடங்கினேன். இரண்டு தரம். தையல் ஓரங்களில் மூன்று தரம். என் பக்கம் வருமுன் டின் முடிந்துவிட்டது. நாளை அந்த இடத்தில் யாரோ உட்கார்ந்து ஓட்டிப் போவார். யாராக இருந்தால் என்ன, அந்தத் தோள் நனையக்கூடாது.

உரப்பையை மட்டும் காரோடு கொடுக்கப்போவதில்லை. கழுவிக் காயவைத்து, என் கூறைச் சீலைக்கு மேலே மடித்து வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் இனி உங்களுடையது என்று இருப்பது அதுதான்.