சாவியோடு வீடு வந்த மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் தம்பியும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் நேற்றுத் தொலைபேசியில் நீ சிரித்த சிரிப்பைக் கேட்டபிறகு கை வரவில்லை. என் முழங்கால் பரவாயில்லை. குளியலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தவர் ஒழுகலோடு தண்ணீரையும் சேர்த்து நிறுத்திவிட்டுப் போய்விட்டார், இரண்டு நாளாக வாளியில் தூக்கி ஊற்றிக்கொண்டிருக்கிறோம். உன் தம்பி, "அக்கா ஒருவழியா அந்த ஆஸ்பத்திரியத் தலைமுழுகிட்டா, விடும்மா" என்கிறான். விட முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

வேலையை விட்டதற்கு எனக்குக் கோபமில்லை. எட்டு வருஷம் அந்த மருந்தகத்தில் நின்று உன் கால் நரம்பு சுருண்டதுதான் மிச்சம், எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டும் மேலாளரிடம் இருந்து என்ன காணப்போகிறாய், வேறு ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தால் தாராளமாகப் போ. ஆனால் போகிற விதம் என்று ஒன்று இருக்கிறது. ராஜினாமாவை மேலாளருக்கு மட்டும் அனுப்பாமல் முதலாளியிலிருந்து வரவேற்பறைப் பெண்வரை அனுப்பினாய், ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று நீயே கையெழுத்துப் போட்டதை மறந்து அடையாள அட்டையை மேசைமேல் வீசிவிட்டு நடந்தாய், கடுமையான வலி மருந்துகள் பூட்டி வைக்கும் அலமாரியின் சாவியோ உன் கைப்பையில் வீடு வந்து சேர்ந்தது. அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்த ஒருவர் மாற்றுச் சாவி வரும்வரை முக்கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாராம், நீ "தவிக்கட்டும்மா, அப்பத்தான் என் அருமை தெரியும்" என்று சிரிக்கிறாய். தவித்தது மேலாளர் இல்லையடி. இப்போது புதிய இடத்தில் பழைய ஆஸ்பத்திரியின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்கிறார்கள், அடுத்த மாதக் கடைசிதான் கெடு, மேலாளர் உன் அழைப்பை எடுக்கவில்லை என்று என்னிடம் குறைப்படுகிறாய். எப்படி எடுப்பார்?

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலையே போய்ச் சாவியை நேரில் கொடு. நான்கு வரியில் வேறு கடிதம் எழுது, விலகுகிறாய், இன்ன தேதியில், அதுவரை பொறுப்புகளை ஒப்படைப்பாய், கற்றுக்கொண்டதற்கு நன்றி, அவ்வளவு போதும், காரணம் யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு மாதமும் வேலை செய்து உன் இடத்துக்கு வருகிறவருக்கு எந்த மருந்து எங்கே என்று காட்டிக் கொடுத்துவிட்டு வா. "அவங்க மூஞ்சியப் பாக்கவே பிடிக்கலம்மா" என்பாய். மூஞ்சியை யார் பார்க்கச் சொன்னது, மருந்துச் சீட்டைப் பார்.

உன் அப்பா போனபின் பள்ளி அலுவலகத்தில் பத்தொன்பது வருஷம் இருந்தேன், புதிதாக வந்த தலைமையாசிரியை என் மேசையைக் கழிப்பறை ஓரம் நகர்த்தினார், நானும் நான்கே வரி எழுதி, பதிவேடுகளை ஒப்படைத்துவிட்டு வந்தேன் என்று உனக்கு நூறு தரம் பெருமையடித்திருக்கிறேன். சொல்லாதது ஒன்று உண்டு. "உங்களிடம் நாற்காலி இருக்கிறது, அதற்கான தகுதி இல்லை" என்ற வரி அன்றே என் நாக்கு நுனியில் இருந்தது, விழுங்கிவிட்டேன். போன வாரம் உன் ராஜினாமாவை நீ படித்துக் காட்டியபோது, ஆத்திரம் தீர்ந்ததும் கிழித்துப் போடுவாய் என்று நினைத்து, அந்த வரியை உனக்கு எடுத்துக் கொடுத்தேன். மேலாளருக்கு ஆறாத வரி அதுதான் என்று நேற்று நீ சொன்னதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் மேலாளரை நான் பார்த்ததுகூட இல்லை. அம்மா சொல்லிக் கொடுத்தாள் என்று அங்கே போய் நிற்காதே, அந்த வரிக்காக அவரிடம் நீ மன்னிப்புக் கேள். உன்னிடம் நான் கேட்கிறேன்.

தலை நிமிர்ந்து அந்த வாசலைத் தாண்டி வா, என் ஆசி உன்கூடவே வரும். புதிய கடிதத்தை அனுப்புமுன் யாருக்கும் படித்துக் காட்டாதே, எனக்கும்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா