துரைக்கு இஷ்டமிருந்தால்

மார்ச் 3

லிஃப்ட்காரருக்கு,

நலமா? நான் நலம். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷமே சண்டை வந்துவிடுகிறது, இனி கடிதம்தான் என்று வாசலில் நின்று முடிவு செய்தோமே, அதன்படி முதல் கடிதத்தை நான் எழுதுகிறேன். மருந்துக்கடைக்குப் பக்கத்திலேயே ஒரு அறை கிடைத்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் பஸ் டிப்போ. செப்டம்பரில் பின்பக்க வீடு காலியாகிறது, அங்கே நாய் வைத்துக்கொள்ள ஆட்சேபம் இல்லையாம். அப்போது வந்து துரையை அழைத்துக்கொள்கிறேன். அதுவரை அவன் உங்கள் பொறுப்பு.

புதனும் ஞாயிறும் அவனுக்கு நாய் கிளப்பில் பயிற்சி. மே கடைசியில் தடை ஓட்டப் போட்டி. கட்டைகளைத் தாண்டி, துணிக் குகைக்குள் புகுந்து, கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து அவன் ஓடவேண்டும். நீங்கள் பக்கத்திலேயே ஓடிக் கைகாட்ட வேண்டும். இரண்டு வருஷமாக நான் பழக்கியது, வீணாக்கிவிடாதீர்கள். வேலியில்லாத இடத்தில் கயிற்றை மட்டும் கழற்றவே கூடாது. ஹஸ்கி பனிநாட்டு ஜாதி, ஓடினால் ஓடினதுதான்.

இன்னொன்று. நல்லதோ கெட்டதோ, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். வேலை போனதைச் சொல்லாமல் மூன்று மாதம் சாப்பாட்டுப் பையோடு கிளம்பி நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தீர்கள். வேலை போனதற்காக நான் வீட்டை விட்டு வரவில்லை. தினமும் காலையில் அந்தப் பையை நான் கட்டிக் கொடுத்தேன் பாருங்கள், அதற்காகத்தான் வந்தேன்.

இப்படிக்கு,
மருந்துக்காரி


மார்ச் 21

மருந்துக்காரிக்கு,

உன் கடிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். புது வேலை பரவாயில்லை. ஒரு மருத்துவமனையின் ஆறு லிஃப்ட்டும் என் தலையில். அதில் நான்காவதற்குத் துரையின் குணம்.

துரையின் படிப்பைப் பற்றி எழுதுகிறேன். "உட்கார்" என்றால் என் கையைப் பார்க்கிறான். ஈரல் துண்டு இருந்தால் உட்காருகிறான். அது பைக்குள் போனால் எழுந்துவிடுகிறான். மூன்றாம் வீட்டு லாப்ரடார் நாம் "உட்" என்பதற்குள் உட்கார்ந்து, படுத்து, உருண்டும் காட்டிவிடுகிறது. நம் துரை ஆறு கம்பம் வரை அழகாக வளைந்து போவான். ஏழாவதில் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பான். கிளப் செயலாளர் அம்மா சொன்னார்: "சார், மத்த நாய் எல்லாம் 'எப்படிச் செய்யணும்'னு கேக்கும். இது 'எதுக்குச் செய்யணும்'னு கேக்குது."

எனக்கு லிஃப்ட் தெரியும். பட்டனை அழுத்தினால் வரவேண்டும், வராவிட்டால் எங்கேயோ ஒயர் போயிருக்கிறது. இவனிடம் ஒயர் எதுவும் போகவில்லை. இஷ்டம் இல்லை, அவ்வளவுதான். நாய்வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். இவன் வால் முதுகின்மேல் ஏறி ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருக்கிறது, அதை யார் நிமிர்த்துவது?

உடம்பைப் பார்த்துக்கொள். நாள் முழுக்கக் கவுன்டரில் நின்றால் உனக்குக் கால் வீங்கும்.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


மே 30

மருந்துக்காரிக்கு,

போட்டி நல்லபடியாக முடிந்தது. துரை ஓடினான். எல்லாரும் உன்னை விசாரித்தார்கள். பரிசு இல்லை, ஆனால் குறை சொல்லவும் ஒன்றுமில்லை. வெயில்தான் கொஞ்சம் அதிகம். மற்றபடி எல்லாம் நலம்.

லிஃப்ட்காரன்


ஜூன் 7

"எல்லாம் நலம்." மூன்று மாதம் சாயங்காலம்தோறும் கதவைத் திறந்ததும் உங்கள் வாயிலிருந்து நான் கேட்டது இதைத்தான்.

செயலாளர் அம்மா முந்தாநாள் போன் செய்தார். பேச்சு வராமல் சிரித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதையாவது கேள்விப்பட்டிருக்கிறேன். இருநூறு பேர் வேடிக்கை பார்த்த நாயை எந்தச் சோற்றில் மறைப்பீர்கள்?

நடந்ததை எழுதுங்கள். முடியாவிட்டால் எழுதவே வேண்டாம். செப்டம்பரில் வாசலில் கயிற்றைக் கொடுங்கள், வாங்கிக்கொண்டு போகிறேன்.


ஜூன் 15

மருந்துக்காரிக்கு,

நடந்ததை எழுதுகிறேன்.

நாலு கட்டையைப் பறந்து தாண்டினான். நான் மூச்சுவாங்கப் பின்னால் ஓடினேன். குகைக்குள் புகுந்தான். அந்தப் பக்கம் போய் நின்று கையை விரித்துக் காத்திருந்தேன். வரவில்லை. குனிந்து பார்த்தால் நடுவில் காலை நீட்டிப் படுத்திருக்கிறான். வெளியே வெயில், உள்ளே நிழல், யார்தான் வருவார்கள்? "துரை, துரை" என்று கெஞ்சினேன். வாலைக்கூட அசைக்கவில்லை. ஊரே சிரித்தது. பிறகு நானும் உள்ளே தவழ்ந்து போனேன், இழுத்துவரத்தான் போனேன். ஆனால் உள்ளே நன்றாக இருந்தது. அவன் தலையை என் முழங்கையில் வைத்தான். நடுவர் விசில் ஊதும்வரை இரண்டு பேரும் படுத்திருந்தோம். தகுதியிழப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

உன் இரண்டு வருஷ உழைப்பை நாலு நிமிஷத்தில் கெடுத்துவிட்டேனே என்று இருந்தது. வேலை போனபோதும் இப்படித்தான். உன்னை வருத்தப்படாமல் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உண்மையில் உன் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. காப்பாற்றிக்கொண்டது என்னைத்தான்.

இன்னொரு செய்தி. செயலாளர் அம்மா எனக்கு ஒரு பட்டை கொடுத்தார். அதை என் இடுப்பில் கட்டி, அதிலிருந்து நீளும் கயிற்றைத் துரையின் மார்புப் பட்டையில் மாட்டவேண்டும். அவன் முன்னால் இழுத்து ஓடுவான், நான் பின்னால் ஓடவேண்டும். இதிலும் போட்டி உண்டாம். ஏரிப் பாதையில் விடியற்காலையில் போனோம். முதல் நாள் என்னைப் புதருக்குள் இழுத்துவிட்டான், முழங்காலில் தோல் இல்லை. ஆனால் அந்த நாய் ஓடிய ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். காதெல்லாம் பின்னால் சாய்ந்து, நடுநடுவே திரும்பி நான் இருக்கிறேனா என்று ஒரு பார்வை. யாரும் அவனை "செய்" என்று சொல்லவில்லை. எனக்கே ரொம்ப நாள் கழித்துச் சந்தோஷமாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

லிஃப்ட்காரன்


ஜூலை 3

லிஃப்ட்காரருக்கு,

இருமல் மருந்து வாங்க வந்த பெரியவரிடம் அளவு சொல்லிக்கொண்டிருக்கும்போது குகை ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். "என் இருமல் உனக்குச் சிரிப்பா இருக்காம்மா?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

சிரித்தேன் என்பதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு தரம் உண்மை சொல்வது பெரிசில்லை. நான் கேட்டபிறகுதானே சொன்னீர்கள்?

துரைக்கு அந்த ஓட்டம் பிடிக்கிறதென்றால் ஓடட்டும். கம்பங்களை நான் விரும்பினேனே தவிர அவனைக் கேட்கவில்லை. வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள், உள்ளங்காலைத் தினமும் பாருங்கள். உங்கள் முழங்காலுக்கு மருந்து தனியே அனுப்பியிருக்கிறேன்.

மருந்துக்காரி


ஆகஸ்ட் 9, பகல்

மருந்துக்காரிக்கு,

துரையைக் காணோம். முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

உன் போனுக்கு இரண்டு தரம் அடித்தேன். கடை நேரத்தில் நீ எடுக்கமாட்டாய் என்று தெரியும். செய்தியைப் பதிவு செய்யச் சொல்லிப் போன் கேட்டதும் என் வாய் தானாக "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று ஆரம்பித்தது. பயந்துபோய் வைத்துவிட்டேன். என்னை நம்பி இதைப் பேச்சில் விட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

தப்பு முழுக்க என்னுடையது. போன வாரம் ஏரி ஓட்டத்தில் நாற்பது பேரில் பதினோராவதாக வந்தோம். அந்த மிதப்பு. இத்தனை நாள் சேர்ந்து ஓடியிருக்கிறோம், இனி என்னை விட்டு எங்கே போவான் என்று நினைத்தேன். "கூப்பிட்டதும் வருகிறான்" என்று உனக்கு எழுத ஆசை. இன்று காலை ஏரிக்கரையில் கயிற்றைக் கழற்றினேன். கழற்றக்கூடாது என்று நீ எழுதியதை மறந்து செய்யவில்லை, தெரிந்தே செய்தேன். இருபது அடி போய்த் திரும்பிப் பார்த்தான். கூப்பிட்டேன். ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு மரங்களுக்குள் போய்விட்டான்.

ஆறு மணியிலிருந்து நடந்துவிட்டேன். லீவு போட்டிருக்கிறேன். காவல் நிலையம், கால்நடை மருத்துவர், கிளப், எல்லா இடமும் சொல்லியாயிற்று. இதைத் தபாலில் போட்டுவிட்டு மறுபடியும் கிளம்புகிறேன். அவன் கிடைத்தபிறகு எழுதலாம் என்று ஒரு மனசு சொல்கிறது. அந்த மனசைத்தான் உனக்கு நன்றாகத் தெரியுமே.

நீ என்ன திட்டினாலும் தகும்.

லிஃப்ட்காரன்


ஆகஸ்ட் 16

அன்புள்ள உங்களுக்கு,

பத்தாம் தேதி காலை ஐஸ் தொழிற்சாலை வாட்ச்மேன் எனக்குப் போன் செய்தார். "ஏம்மா, ஐஸ் பாளத்து மேல ஒரு நாய் படுத்திருக்கு. எறங்கவே மாட்டேங்குது. கழுத்துப் பட்டையில உங்க நம்பர் இருக்கு." உடனே உங்களை அழைத்து இடத்தை மட்டும் சொன்னேன். "நேத்தே உனக்கு எழுதிட்டேன்" என்றீர்கள். நான் நம்பவில்லை. மாட்டிக்கொண்டதும் சொல்கிற பேச்சு என்று நினைத்து வைத்துவிட்டேன். துரை வீடு சேர்ந்ததைச் செயலாளர் அம்மாவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பதிமூன்றாம் தேதி கடிதம் வந்தது. பிரிப்பதற்கு முன்னால் உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தபால் முத்திரையைப் பார்த்தேன். போலீஸ்காரி மாதிரி. ஒன்பதாம் தேதி, பிற்பகல். உள்ளே நீங்கள் ஒரு சாக்குக்கூடச் சொல்லவில்லை. நான் கேட்காமல், யாரும் பார்க்காமல், நாய் கிடைக்குமா என்று தெரியாமல் எழுதியிருந்தீர்கள். கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் இல்லை.

அழுது முடித்ததும் வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பரில் எந்த வீடும் காலியாகவில்லை. பின்பக்க வீட்டில் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் இருக்கிறார், அவருக்குக் காலி செய்யும் எண்ணமே கிடையாது. இந்தக் கட்டிடத்தில் நாய் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். நாய் வைத்துக்கொள்ளக்கூடிய அறை ஒன்று அடுத்த தெருவிலேயே கிடைத்தது, அதை வேண்டாம் என்றேன். துரையையும் கூட்டிவந்துவிட்டால் அந்த வீட்டுக்குத் திரும்பி வர எனக்குச் சாக்கு எதுவும் மிச்சமிருக்காது. அந்தப் பயத்தில் அவனை உங்களிடம் விட்டுவிட்டு, செப்டம்பர் என்று ஒரு தேதியும் வைத்தேன்.

ஊருக்குத்தான் உபதேசம். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்று உங்களை மிரட்டிய அதே கடிதத்தில் என் பொய்யும் இருந்தது. குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறீர்கள், வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், எனக்கு வந்ததே. என்னை வரச்சொல்வதா, இங்கேயே இருக்கச் சொல்வதா, எதுவானாலும் காகிதத்தில் எழுதுங்கள். தபால் இங்கே பதினோரு மணிக்கு வரும். அந்த நேரத்தில் நான் கவுன்டரில்தான் இருப்பேன்.

உங்கள் மனைவி