பன்னிரண்டும் எழுந்திருக்க வேண்டும்

ஜூன் 3, செவ்வாய்

புது சர்வர்கள் பன்னிரண்டும் ரேக்கில் ஏறி, பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கின்றன. பார்க்க லட்சணம். கூப்பிட்டால்தான் பதில் இல்லை.

இத்தனைக்கும் பெருமை பேசிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். ஒவ்வொன்றின் முன்னாலும் கீபோர்டோடு தவம் கிடக்க வேண்டாம், சுவிட்சைப் போட்டால் போதும், அதுவே நெட்வொர்க் வழியாக மென்பொருளை இழுத்து, நான் எழுதிய கோப்பைப் படித்து, தன்னைத் தானே நிறுவிக்கொள்ளும் என்று மேனேஜரிடம் சொன்னேன். நிறுவிக்கொண்டதும் உண்மைதான். அதற்குப் பிறகு எழுந்த ஒன்றுக்கும் நெட்வொர்க் இல்லை. நாங்கள் பார்சல் கம்பெனி. பார்சலே தேவலை, மேலே விலாசம் எழுதினால் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

மேனேஜர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அடுத்த வியாழக்கிழமை இன்னும் பன்னிரண்டு வருது. அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எல்லாம் ஓடணும். தானா ஏறுதுன்னு காட்டிட்டு நீங்க லீவுல போங்க. இல்லன்னா நீங்கதான் உக்காந்து ஏத்தணும்" என்றார்.

அந்த வியாழக்கிழமைதான் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். நான் பக்கத்தில் இருந்தால்தான் படுப்பேன் என்று ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்ட மனிதர்.

ஜூன் 4, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்! ஒவ்வொரு சர்வருக்கும் கேபிள் செருக நான்கைந்து துளைகள். நிறுவல் நடக்கும்போது ஒரு துளைக்கு ஒரு பெயர். நிறுவி முடித்து எழுந்ததும் அதே துளைக்கு வேறு பெயர். நான் பழைய பெயருக்கு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க் விலாசம், கொடுத்திருக்கிறேன். அந்தப் பெயரில் அங்கே யாருமே இல்லை. கடன்காரன் வீடு மாறிப் போன மாதிரி.

கோப்பில் புதுப் பெயரைப் போட்டு ஒன்றில் ஓட்டினேன். உடனே பதில் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு சுற்றுச் சுற்றினேன். ரீஸ்டார்ட் அண்ணன் பார்த்துவிட்டார், பரவாயில்லை.

ரீஸ்டார்ட் அண்ணன் எங்கள் அறையில் இன்னொருவர். கம்ப்யூட்டரில் தொடங்கி காபி மெஷின் வரை எதில் கோளாறு என்றாலும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?" என்பார். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுகிறோம். அவருக்கு அது பட்டம் வாங்கிய மாதிரி.

ஜூன் 5, வியாழன்

பன்னிரண்டிலும் ஓட்டினேன். எட்டு எழுந்தன, நான்கு எழவில்லை. நேற்றுச் சுற்றிய சுற்றைத் திருப்பிச் சுற்றிக்கொள்ளலாமா என்று இருந்தது.

அந்த நான்கிலும் கூடுதலாக ஒரு நெட்வொர்க் கார்டு இருக்கிறது. கேபிளை அதில்தான் செருகியிருக்கிறார்கள். அங்கே பெயர் வேறு. அடுத்த வாரம் வருவதில் எதில் எந்தக் கார்டு இருக்குமோ, யார் கண்டது? பெயரை நம்பினால் காரியம் நடக்காது.

அண்ணன் ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பண்ணினேன். எழவில்லை.

ஜூன் 6, வெள்ளி

பெயர் மாறினாலும் தொழிற்சாலையில் ஒவ்வொரு துளைக்கும் பொறித்த எண் மாறாது. அதை வைத்தே அடையாளம் காட்டிவிடலாம் என்று எனக்கு ஞானோதயம். ஒவ்வொரு சர்வரின் முன்பக்கத்திலும் இழுத்தால் வரும் சின்ன அட்டையில் ஒரு எண் ஒட்டியிருக்கிறது. அண்ணன் கீழ் வரிசைக்குக் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து வாசித்தார். நான் தட்டச்சு செய்தேன். தரை துடைக்கிறவர் வந்து அவர் காலைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார்.

ஓட்டினோம். ஒன்றுகூட எழவில்லை. நேற்று எழுந்த எட்டும் சேர்ந்து படுத்துவிட்டன.

உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா. இந்தப் பழமொழியை அப்பாவிடம் சொல்லக் கூடாது.

ஜூன் 7, சனி

துணி துவைத்தேன். சர்வர்களை நினைக்கவில்லை. சரி, நினைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

அப்பா போனில் பேசினார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். எதிரே ஒரு பஸ் வந்தால் இரண்டாகத் தெரிகிறதாம், "நம்ம காலத்துல இத்தன பஸ் விட்டிருந்தா ஜனங்க நம்மள திட்டியிருக்காது" என்று சிரிக்கிறார். பிறகு ஊரில் அப்பாவோடு இருக்கும் என் கூடப்பிறந்த அண்ணா போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்து மெதுவாகச் சொன்னான்: நேற்று மாடிப்படியில் கடைசிப் படி தெரியாமல் காலை வைத்துவிட்டாராம். கைப்பிடியைப் பிடித்ததால் தப்பித்தார்.

நான் வர முடியாமல் போனால் என்ன செய்வார் என்று கேட்டேன். "வேறென்ன, அடுத்த மாசம் பாத்துக்கலாம்பாரு. நீ வந்துடு" என்றான்.

போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. சர்வர் விழுந்தால் தூக்கி நிறுத்தலாம். அப்பா விழுந்தால் என்ன பண்ணுவேன் நான்?

ஜூன் 9, திங்கள்

காலையில் முதல் வேலையாக அந்த அட்டை எண்ணை ஒரு சர்வருக்குள்ளேயே தேடினேன். எந்த நெட்வொர்க் துளைக்கும் அந்த எண் இல்லை. பிறகு புரிந்தது, அது தூரத்திலிருந்து சர்வரை அணைத்து ஏற்றுவதற்கென்று இருக்கிற தனித் துளையின் எண். அண்ணன் குப்புறப் படுத்து வாசித்தது மொத்தமும் வேண்டாத எண்கள். சொன்னேன். "சட்டைய ரெண்டு தடவ தோச்சேன்மா" என்றார். இருவரும் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சிரித்து முடித்து டீ ஆறிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. நான் எதற்கு ஒவ்வொன்றிடமும் நீ யார், உன் எண் என்ன என்று விசாரிக்கிறேன்? மென்பொருளை இழுத்துக்கொள்ள அது ஏதோ ஒரு துளை வழியாகத்தானே நெட்வொர்க்குக்கு வந்தது! வந்த வழி அதற்குத் தெரியும். கேபிள் இருப்பதும் அதே துளையில்தான். வந்த துளையின் எண்ணை நிறுவலிடம் ஒப்படைக்கச் சொல்லி, சர்வர் எழும்போது முதலில் படிக்கும் துவக்க மெனுவில் ஒரு வரி; அந்த எண்ணுக்கே ஐபி முகவரியைக் கொடு என்று கோப்பில் ஒரு சின்னத் துண்டு. பெயர் என்னவாக இருந்தால் எனக்கென்ன.

பன்னிரண்டும் எழுந்தன.

நிறுவியதையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். எழுந்தன. அண்ணன் எழுந்து நின்று கை தட்டினார்.

ஜூன் 10, செவ்வாய்

மேனேஜர் லேசில் நம்புகிறவர் இல்லை. தன் கையாலேயே இரண்டு சர்வர்களில் கேபிளைப் பிடுங்கி வேறு துளையில் செருகிவிட்டு, "இப்ப ஓட்டுங்க" என்றார். எழுந்தன. "போயிட்டு வாங்க. போன் மட்டும் ஆன்ல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை சுவிட்சைப் போடப்போவது அண்ணன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். எல்லாம் கேட்டுக்கொண்டு, ரீஸ்டார்ட் எப்போது பண்ண வேண்டும் என்றார். அதுவே பண்ணிக்கொள்ளும் என்றேன். முகம் வாடிப்போனது.

ஜூன் 11, புதன்

ஊருக்குப் போகும் பஸ்ஸில் எழுதுகிறேன். கோணல்மாணலாக வருகிறது. சந்தோஷமாக இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

ஆஸ்பத்திரி நடைபாதை பெஞ்சில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அடிக்கவே இல்லை. மத்தியானம் சந்தேகம் வந்து அண்ணாவை என் நம்பருக்குக் கூப்பிடச் சொன்னேன். அடித்தது. போன் நன்றாகத்தான் இருக்கிறது.

அப்பாவைக் கண்ணில் கட்டோடு அழைத்து வந்தார்கள். என் கையைப் பிடித்துப் பார்த்து, நான்தான் என்று தெரிந்துகொண்டு, "ஒண்ணுமே வலிக்கல, சும்மா பயந்தேன்" என்றார். டாக்டர் எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மேனேஜரிடமிருந்து குறுஞ்செய்தி: பன்னிரண்டும் ஓடுகின்றன, உங்களைக் கூப்பிட வேண்டி வரவேயில்லை.

வீட்டுக்கு வந்து படுக்கவைத்த பிறகு அப்பா அண்ணாவைப் பக்கத்தில் கூப்பிட்டு ஏதோ முணுமுணுத்தார். அண்ணா சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே ஓடினான். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எப்ப வந்தாலும் சாப்பிட விடாம உன் போன் கத்தும். இன்னிக்குப் பூரா ஒருத்தனும் உன்னத் தேடல. வேலய விட்டு நிறுத்திட்டாங்களாம்மா? மறைக்காத. அப்பா பென்ஷன் இருக்கு, ரூம காலி பண்ணிட்டு வந்துடு."

இல்லப்பா, எல்லாம் சரியாக ஓடுகிறது, அதனால்தான் யாரும் தேடவில்லை என்று பெயர், துளை, கேபிள் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "சரி சரி" என்று கையைத் தட்டிக்கொடுத்தார். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை.