பட்டியலில் இருந்து அண்ணன் பெயரை எடுத்தேன்

வெள்ளிக்கிழமை, இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து யாரிடமும் காட்டிவிடாதீர்கள், அம்மாவிடம்கூட.

மாடியில் அண்ணனின் சர்வர் இருக்கிறது. கூத்தாநல்லூர்க் கடைகள் சில அதில்தான் ஆர்டர் எடுக்கின்றன. உள்ளே யார் வரலாம் என்று அண்ணன் எழுதிய ஸ்கிரிப்டில், அதாவது ஒரு சின்ன புரோகிராமில், ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். அந்த ஸ்கிரிப்ட் மணிக்கொரு முறை தானாக ஓடி, பட்டியலில் இல்லாதவரை வெளியே தள்ளிவிடும். அண்ணன் வேலைக்கு வைத்த சபீனா அக்கா வந்து சர்வரைப் பார்த்துக்கொள்வார். அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பழகிவிட்டது.

துபாய் போனதிலிருந்து அண்ணன் தினமும் சர்வருக்குள் வருகிறான். என்னோடு பேசுவதில்லை. அதனால் நேற்று பட்டியலில் இருந்து அவன் பெயரை எடுத்துவிட்டேன். உள்ளே வர முடியாவிட்டால் என்னைக் கூப்பிடுவான் என்று நினைத்தேன்.

அம்மாவைத்தான் கூப்பிட்டான். "சபீனா வேலைதாம்மா இது. இனிமே அவள வீட்டுக்குள்ள விடாதீங்க."

"தங்கச்சி பக்கத்துலதான் நிக்கிறா, பேசுறியா?"

"அப்புறம் பேசுறேம்மா."

அம்மாவிடம் சொல்லிவிட இரண்டு முறை எழுந்தேன். பயமாக இருக்கிறது. சபீனா அக்காவுக்கு இருக்கும் ஒரே வேலை இது.

வாசல் கதவைத் தட்டுகிறார்கள்.

"மாமி, நான் சபீனா. நான் எதையும் தொடல மாமி. கதவத் தொறங்க."

அம்மா எழுந்திருக்கவில்லை. நான் போய்க் கதவைத் திறக்கிறேன்.