ஒரு மூச்சில் எத்தனை

லண்டன்,
6.4.1990

அன்புள்ள மனோகரிக்கு,

நான் சுகம். நீரும் ஐயாவும் சுகமாயிருக்க நயினை அம்மாள் துணை.

இங்கே என்ன வேலை என்று கேட்டிருந்தீர். தீவிர சிகிச்சை வார்ட்டில் மெசினால் மூச்சுவிடுபவர்களின் நுரையீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கிறேன். மெசின் காற்றை உள்ளே தள்ளியதும் இரண்டு விநாடி அடைத்துவைத்து அழுத்தத்தைப் பார்ப்பேன். இளகிய நுரையீரல் என்றால் எண் குறைவு. இறுகியது என்றால் ஏறி நிற்கும். ஏறினால் நிலைமை மோசம்.

ஐயாவின் இருமல்தான் கவலை. அங்கே மெசின் இல்லை. ஆழமாக மூச்செடுத்து, அந்த ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று பார்த்து எழுதும். முரண்டு பிடிப்பார். முதலில் நீர் எண்ணிக் காட்டும், போட்டிக்கு வருவார்.

செல்வரத்தினம்


நயினாதீவு,
4.5.1990

அன்புள்ள அத்தானுக்கு,

"நான் என்ன பாலர் வகுப்பே?" என்று மாமா கதிரையை விட்டு அசையவில்லை. நான் எண்ணினேன். பதினொன்றோடு நின்றுவிட்டது. உடனே அவர் தொடங்கி முப்பத்துநாலு வரை போனார். "பிள்ளை, நீ தோத்துப்போனாய்!" என்று பின்னேரம் முழுக்கச் சிரிப்பு. உங்கள் ஐயாவுக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்குத்தான் எண்ணத் தெரியவில்லை போல. கிணற்றடிக்குப் போய்வரவே இரண்டு தரம் குந்தவேண்டியிருக்கிறது. சோம்பல் என்பீர்கள். கலியாணம் முடிந்து மூன்று வருடமாய் என் விசாவைப் பற்றி ஒரு வரியும் எழுதாத உங்களுக்கு வேறென்ன சொல்ல வரும்?

மனோகரி


லண்டன்,
27.5.1990

மனோகரி,

ஐயாவை விடும். பதினொன்று உமக்கு வரக்கூடாத எண். உமது வயதில் நாற்பது வரை போகவேண்டும். இதயமோ நுரையீரலோ, இங்கிருந்து சொல்ல முடியாது. எனக்குப் பயமாயிருக்கிறது. இதைக் கண்டதும் படகேறிக் குறிகட்டுவான் துறைக்குப் போய், அங்கிருந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போம். நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்கச் சொல்லும்.

முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் நாள் முழுக்க அளக்கிறேன். உமது மூச்சை ஒருநாளும் கேட்டதில்லை. விசாப் பத்திரங்களை நேற்றுத்தான் அனுப்பினேன். மன்னித்துக்கொள்ளும்.

செல்வரத்தினம்


நயினாதீவு,
9.7.1990

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் செஞ்சிலுவைக்காரர் மூலம் கைக்கு வந்தது. போன மாதம் சண்டை தொடங்கியதிலிருந்து படகு இல்லை. குறிகட்டுவான் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, போகத்தான் வழியில்லை. கால்கள் வீங்கியிருக்கின்றன. படுத்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று மாமா தன் கதிரையைத் தந்துவிட்டார். அவர் நிலத்தில் பாய் போட்டுக் காவல்.

காலையில் எண்ணினேன். ஏழு. மாமாவையும் எண்ணச் சொன்னேன். அவரும் ஏழில் நிறுத்திவிட்டார். "எனக்கும் ஏலாது பிள்ளை" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதையும் அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன்; ஆட்களை ஏற்ற அவர்களுக்கு அனுமதி இல்லையாம். உங்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டது. பார்க்கத்தான் ஆசை.

மனோகரி


லண்டன்,
30.9.1990

என் மனோகரிக்கு,

உமது கடிதம் கிடைத்தபின் நான் எழுதும் நாலாவது இது. உமது விசாவுக்கு அனுமதி வந்துவிட்டது. அந்தக் காகிதத்தை அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

நேற்று உமது வயதுப் பெண்ணொருத்தியை அளந்தேன். எண் ஏறி ஏறிப் போனது. பேனாவை வைத்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டேன்.

ஐயாவுக்கும் தனியே எழுதினேன். அவரும் மறுமொழி போடவில்லை. படகு இல்லாததால்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

எத்தனை என்று மட்டும் எழுதும். ஏழு வராவிட்டாலும் பரவாயில்லை. ஒன்று என்றாலும் எழுதும்.

செல்வரத்தினம்