பள்ளி வண்டி

ஷார்ஜா
திருவள்ளுவர் ஆண்டு 2026, புரட்டாசி 20
(6.10.1995, வெள்ளிக்கிழமை)

அதிராம்பட்டினத்து வீட்டுக் கூடத்தில் அமர்ந்து இம்மடலைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! கௌஸ் முகைதீனின் தாயார், மதிப்பிற்குரிய ஜுலைஹா பீவி அம்மையாரே! உரக்கப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி யஹ்யாவே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

வளைகுடாவிலிருந்து வரும் எந்த மடலும் உங்கள் வீட்டில் தனியே படிக்கப்படுவதில்லை என்பதை அறிவேன். அறிந்தே எழுதுகிறேன். கௌஸ் முகைதீனின் பெயருக்கு ஊரிலுள்ள உங்கள் கடை முகவரியில் முன்பு எழுதிய மடல்கள் ஒன்றுக்கும் மறுமொழி இல்லை. ஆகவே இம்முறை அவையைக் கூட்டிவைத்துப் பேசுகிறேன். யஹ்யா, ஒரு வரியையும் விழுங்காதே. உன் காக்கா, அந்த அண்ணன்காரன், கையை நீட்டினால் தாளைக் கொடுக்காதே.

என் குற்றச்சாட்டு இதுதான். உங்கள் கௌஸ் முகைதீன், தட்டச்சுக் கடையில் விளைந்த ஒரு பிழையைத் தூக்கி இறைவன் தலையில் வைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார முடியாத மனைவியை இங்கே கிடக்கவிட்டு, அங்கே வந்து ஒளிந்துகொண்டிருக்கிறான்! தம்பியின் திருமணத்துக்கென்று சித்திரையில் வந்தவன். மணமக்கள் மறுவீடு சென்று திரும்பி, குடித்தனமும் பழகியிருப்பார்கள். இன்னும் எந்தப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கிறான் என்று கேளுங்கள்.

இனி உன்னிடமே பேசுகிறேன், கௌசு. முகத்தைத் திருப்பாதே.

உன் மனைவி ஹாலிதா தங்கையின் நிலையை முதலில் கேள். சத்வாவில் தையல் கடைப் படியில் சறுக்கி விழுந்த நாளிலிருந்து அவர் முதுகு அவர் சொல்லைக் கேட்பதில்லை. இப்போது சோறு உண்ணும் பொழுதுக்கு மட்டும் சாய்ந்து உட்காருகிறார். அதற்குள் வலி கால்வரை இறங்கிவிடுகிறது. உன் மகள் நஜீஹா படிப்பை அஞ்சல்வழிக்கு மாற்றிக்கொண்டு தாயைப் பேணுகிறாள். நேற்று நான் சென்றபோது, உன்னைப் பற்றி நான் வாய் திறக்கும் முன்பே தங்கை என்னை அடக்கிவிட்டார். "அண்ணே, அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்க மனசு உடஞ்சு போயிருக்காங்க. நான் படுத்துக்கிட்டேதானே இருக்கேன், எனக்கென்ன அவசரம்" என்றார். படுத்திருப்பவருக்கு அவசரம் இல்லையாம்! இதைக் கேட்டுவிட்டு வந்தவனுக்குச் சினம் வராமல் வேறென்ன வரும்?

மக்காவுக்குச் சென்று உம்ரா செய்ய வேண்டும் என்பது அவர் நெஞ்சில் இருந்த ஒரே வேட்கை. உட்காரவே முடியாதவரைப் படுக்க வைத்து ஏற்றிச் செல்ல வானூர்திக்காரர்கள் கைவிரித்தார்கள். அன்று நீதான் மார்தட்டினாய். "வேன்லயே ஒரு கட்டிலப் போட்டு ரோட்டு வழியாவே கூட்டிட்டுப் போயிடுறேன் புலவரே, நீங்க பாத்துக்கிட்டே இருங்க" என்றாய். பார்த்துக்கொண்டா இருந்தேன்? தொழிற்பேட்டையில் அப்துல் ஹாதியின் பட்டறையில், வெள்ளிதோறும் உன்னோடு வியர்த்தேன். உன் கடையின் பழைய சரக்கு வண்டியைக் குடைந்து, சன்னல் வெட்டி, தரையோடு கட்டிலைப் பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டி பொருத்தினோம். கட்டிலின் அடியில் எத்தனை வகைச் சுருள்வில் மாற்றினாய்! விளிம்புவரை சுலைமானித் தேநீர் ஊற்றிய கோப்பையை மெத்தைமேல் வைத்து, அப்துல் ஹாதியை வேகத்தடைகளின்மேல் ஓட்டச் சொன்னாய். ஒரு வெள்ளியன்று தேநீர் சிந்தாமல் திரும்பியது. பட்டறையே பார்க்க நீ குதித்தாய். அந்த மகிழ்ச்சியில் தேநீரை நீயே என் சட்டைமேல் கொட்டினாய். அந்தக் கறை இன்னும் போகவில்லை.

வண்டி அணியமாயிற்று. ஆனால் முல்கியா என்று இங்குள்ளோர் சொல்லும் உரிமைச்சீட்டில் அது இன்னும் சரக்கு வண்டிதான். சரக்கு வண்டியின் பின்னே ஒரு பெண்மணியைக் கிடத்திக்கொண்டு சென்றால் சவூதி எல்லையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனவே மாற்றத்தை முறைப்படி பதிய வேண்டும். அதற்கொரு விளக்கம் எழுத வேண்டும். தட்டச்சுக் கடை மஹ்மூது தமிழிலிருந்து நேரே அரபியில் பெயர்ப்பவன் என்பதால், தமிழில் எழுதித் தரும்படி நீ என்னைக் கேட்டாய். எழுதினேன். "இச்சரக்கு வண்டி, நோயுற்றோர் துயின்றவாறே செல்லத்தக்க பள்ளி வண்டியாக மாற்றப்பெற்றுள்ளது" என்று எழுதினேன். குறையற்ற தொடர்!

அதன்பின் நடந்தவற்றை நீ என்னிடம் சொன்னாயா? இல்லை. முதன்முறை வண்டிச் சோதனைக் கூடத்திலிருந்து திரும்பி வந்து, "வேற வகையில எழுதணுமாம், மஹ்மூது பாத்துக்குவான்" என்றாய். நானோ சோதனைக் கூடத்தாரின் அறியாமையைக் கராமாவில் தமிழ்மன்றக் கூட்டத்தில் கிழித்துத் தோரணம் கட்டினேன். கைதட்டல் கூரையைப் பிளந்தது. இரண்டாம் முறை திரும்பி வந்தபோது உன் முகம் சாம்பலாக இருந்தது. "அல்லாஹ் நாடல புலவரே. வேனப் பிரிச்சு இரும்புக்குப் போட்டுருங்க" என்ற இரண்டே சொற்றொடர். காரணம் கேட்டால் வாய் திறக்கவில்லை. தம்பி திருமணத்தைச் சாக்கிட்டு அடுத்த கிழமையே ஊருக்குப் பறந்துவிட்டாய்.

சென்ற வாரம்தான் அப்துல் ஹாதி வாயைத் திறந்தான். இரண்டு முறையும் உன்னோடு வந்தவன் அவன்.

முதன்முறை அலுவலர் தாளைப் படித்துவிட்டு வண்டியைச் சுற்றிப் பார்த்தாராம். "பச்சா கிதர்? சீட் கிதர்? யெல்லோ கலர் மாஃபி?" என்று கேட்டாராம். குழந்தைகள் எங்கே, இருக்கைகள் எங்கே, மஞ்சள் வண்ணம் எங்கே! நீ திருதிருவென்று விழித்திருக்கிறாய். இரண்டாம் முறை அவர் தாளைப் படித்துவிட்டுக் கட்டிலைப் பார்த்ததும் முகம் சிவந்தாராம். "ஹாதா மஸ்ஜித்? மஸ்ஜித் மே பலங்? ஷரம் நஹி?" என்று கத்தினாராம். இது பள்ளிவாசலா, பள்ளிவாசலுக்குள் கட்டிலா, வெட்கமில்லையா! வரிசையில் நின்ற அத்தனை பேரும் உன்னைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து வேளையும் தொழுகிற நீ, தொழுமிடத்தை இழிவுசெய்தவன் என்ற பெயரோடு வெளியே வந்து, வண்டியின் நிழலில் உட்கார்ந்து அழுதாயாம். "புனித ஊருக்குப் போற வண்டிக்கு இப்படி ஒரு பேச்சா? அவன் நம்மள வேணாங்கிறான்" என்று சொன்னாயாம்.

இதைக் கேட்டபின் என்னால் பொறுக்க முடியவில்லை. நேரே மஹ்மூதின் கடைக்குச் சென்று என் விளக்கத்தை எடுத்து மேசையில் அறைந்தேன். அவன் கொஞ்சமும் அஞ்சவில்லை. "புலவரே, பள்ளி வண்டின்னு எழுதியிருந்துச்சு. மொதத் தடவ ஸ்கூல் பஸ்ஸுன்னு அடிச்சேன். தப்புன்னு வந்தாங்க. சரி, கௌஸ் காக்காகிட்டயே கேட்டேன், பள்ளின்னா நம்ம பள்ளிதானேன்னு. ஆமான்னாங்க. மஸ்ஜிது வண்டின்னு அடிச்சேன். என்மேல என்ன தப்பு?" என்றான். அடுத்த வரியில் துயின்றவாறே என்று இருக்கிறதே, அதைப் படித்தாயா என்றேன். "அது புரியல, விட்டுட்டேன்" என்றான்! பள்ளி என்றால் உறங்குமிடம், படுக்கை. பள்ளிகொள்ளுதல் என்றாலே துயில்வது. பண்டு தொட்டு வழங்கும் சொல் என்று இடித்தேன். "அத அந்த அரபிகிட்டப் போய்ச் சொல்லுங்க. படுக்கைன்னு நாலு எழுத்துல எழுதினா உங்க தமிழ் தேஞ்சிடுமா? தியாகுங்கிற உங்க பேரே தமிழ் இல்லயாமே" என்று சிரித்தான். தேநீர் வாங்கித் தந்தான். குடிக்கவில்லை.

ஆனால் அவன் பிறகு சொன்னதுதான் என்னைச் சுட்டது. நீ ஏன் ஆமென்றாய் என்று அவனிடமே கேட்டேன். நீ அன்று அவனிடம் பெருமையோடு சொன்னாயாம்: "எங்க புலவர் சாமி இல்லேன்னு சொல்றவரு. ஆனா பாத்தியா, நாங்க மக்காவுல ஹரம் பள்ளிக்குப் போறோம்னு பள்ளி வண்டின்னே பேர் வச்சிருக்காரு. எப்பேர்ப்பட்ட மனசு!"

கௌசு, மேடைதோறும் இறைவன் இல்லை என்று முழங்கியவன் நான். நீ தொழுகைக்குச் செல்லும்போது உன் கடையைப் பார்த்துக்கொண்டவனும் நானே. நம் இருவருக்கும் இடையே அது ஒருநாளும் சிக்கலாக இருந்ததில்லை. அப்படிப்பட்ட நான் இன்று உன் இறைவனுக்காக வழக்காட வந்திருக்கிறேன். என் நிலைமையைப் பார்! கேட்டுக்கொள்: உன்னை வேண்டாமென்று சொன்னது அவன் அல்லன். அவனுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஒரு சொல்லைப் படித்தவன் ஒன்றாகப் படித்தான், கேட்டவன் ஒன்றாகக் கேட்டான், எழுதியவன் ஒன்றாக எழுதினான். தன்முன் இருந்த தாளைத்தான் அந்த அலுவலர் படித்தார். மூன்று மாந்தர் செய்த குளறுபடியை இறைவனின் கட்டளை என்று நம்பி நீ ஊருக்கு ஓடினாயே, உன் மார்க்கம் இதையா உனக்குக் கற்றுத் தந்தது? உன் தாயாரைக் கேள். அவர் சொல்லட்டும்.

வண்டி இரும்புக்குப் போகவில்லை. போக விடுவேனா? பட்டறைக் கூரையடியில் நிற்கிறது. செவ்வாயன்று நான் புதிய விளக்கம் எழுதினேன். "படுக்கை வண்டி" என்று எழுதினேன். மஹ்மூது அதை வாய்விட்டு இருமுறை படித்துவிட்டு அரபியில் அடித்துத் தந்தான். புதனன்று அப்துல் ஹாதி ஓட்ட, அதே கூடத்துக்குச் சென்றோம். அதே அலுவலர். தாளைப் படித்தார். பின்கதவைத் திறந்து மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தார். "யே கிஸ்கே லியே?" என்றார். யாருக்கு என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில் "பஹன்" என்றேன், உடன்பிறந்தாள் என்றேன். மக்கா என்றேன். அவர் கட்டிலின் கொக்கிகளைத் தாமே இழுத்துப் பார்த்துவிட்டு, "அச்சா. மாலிக் கோ லாவ். கலாஸ்" என்றார். உரிமையாளனை அழைத்து வா, முடிந்தது!

முடிந்தது, கௌசு! இத்தனை திங்களாக இறைவன் மூடிவைத்திருந்தான் என்று நீ நம்பிய கதவு, ஒரு சொல்லை மாற்றியதும் திறந்துகொண்டது. உரிமையாளன் மட்டும் அங்கே கடற்காற்று வாங்கிக்கொண்டிருக்கிறான்.

உன் கையொப்பத்தை நான் போட முடியாது. கணவனோ நெருங்கிய உறவினனோ உடனின்றி ஹாலிதா தங்கை எல்லை தாண்ட முடியாது. அது உங்கள் விதி. நான் அந்த நகருக்குள் கால்வைக்க முடியாது, அதுவும் விதி. ஆகவே உனக்கு மாற்றாள் இல்லை. இன்னொன்றும் கேள். நீ நாட்டைவிட்டு வெளியேறி ஆறு திங்கள் கடந்தால் உன் விசா செத்துவிடும். உன் விசாவின் நிழலில்தான் உன் மனைவியும் மகளும் இங்கே இருக்கிறார்கள். அடுத்த திங்கள் முதல் வாரத்தில் அந்தக் கெடு முடிகிறது. அதன்பின் வண்டி இருக்கும், கட்டில் இருக்கும், அதில் ஏற ஆள் இருக்க மாட்டார்.

ஜுலைஹா பீவி அம்மையாரே, நீங்கள் அவன் தலையில் கைவைத்து ஓதி அனுப்பும் வழக்கம் எனக்குத் தெரியும். இப்போதே ஓதுங்கள். யஹ்யா, இத்தாளை மடித்து வைத்துவிட்டு அவன் பெட்டியை எடு. இன்றைய கம்பன் எக்ஸ்பிரசில் அவனை ஏற்றிவிட்டுத்தான் நீ வீடு திரும்ப வேண்டும்.

கௌசு, அந்தச் சொல்லை எழுதியவன் யார் என்று கேட்க உனக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதை அஞ்சலில் கேட்காதே, தொலைபேசியிலும் கேட்காதே. பட்டறைக்கு வா. வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து நிற்பேன். என் முகத்துக்கு நேரே நின்று, அப்துல் ஹாதியும் கேட்க, உரக்கக் கேள்.

எழுந்திரு. புறப்படு.

உன்மேல் தீராச் சினத்தோடு,
தியாகு